முட்டுச்சந்தா, ஊடுவழித் தெருவா? புதிய குடியிருப்புக்கு எதை விதியாக எழுதுவது

புதிய குடியிருப்புகளுக்கான வடிவமைப்புக் கொள்கையை எழுத ஓர் உள்ளாட்சி உட்கார்ந்தால், பேச்சு முதலில் வீட்டின் மேல்தான் போகும். எத்தனை மாடி, முகப்பு எப்படி, சன்னலுக்கும் சன்னலுக்கும் எவ்வளவு இடைவெளி, எத்தனை வண்டி நிறுத்தலாம். தெரு எப்படி ஓட வேண்டும் என்ற கேள்வி கடைசியில், எல்லோரும் களைத்த பிறகு வரும். நான் இருந்த வரைவுக் குழுவிலும் அதே வரிசைதான். வீட்டை இடித்துக் கட்டலாம், மாடி ஏற்றலாம், முகப்பை மாற்றலாம். தெருவின் கோடு விழுந்து, இரண்டு பக்கமும் மனை விற்று, பத்திரம் பதிந்துவிட்டால் அதை நகர்த்த யாராலும் முடியாது. அதனால் என் கணக்கில் முதல் கேள்வி இதுதான்.

தேர்வு இரண்டு. ஒன்று, ஒரு பெரிய சாலையிலிருந்து கிளை பிரிந்து, கிளைகள் எல்லாம் முட்டுச்சந்தாக முடியும் அமைப்பு. இன்னொன்று, எல்லாத் தெருவும் இரண்டு முனையிலும் வேறு தெருவில் போய்ச் சேரும் அமைப்பு. கட்டம் கட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை, வளைந்தும் போகலாம். நான் இரண்டாவதற்குத்தான் கை தூக்கினேன். இந்த அலசலிலும் அந்தப் பக்கமே அதிகம் சாய்வேன்.

முட்டுச்சந்தின் நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அது சோம்பேறித்தனத்தில் பிறந்த யோசனை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உள்ளூர் விதிகள் தெருவை அகலமாக, நேராக, திறந்த முனையோடு கேட்டன. காற்றும் வெளிச்சமும் வர வேண்டும், நோய் பரவக்கூடாது என்பது காரணம். லண்டனுக்கு வடக்கே ஹாம்ஸ்டெட் தோட்டப் புறநகரில் நகரமைப்பாளர் ரேமண்ட் அன்வின் குறுகிய தெருக்களும் முட்டுச்சந்துகளும் போடுவதற்கு, அந்த விதிகளிலிருந்து விலக்குத் தரும் தனிச் சட்டமே 1906இல் தேவைப்பட்டது. அப்புறம் கார் வந்தது. 1929இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கிளாரன்ஸ் ஸ்டைனும் ஹென்றி ரைட்டும் ராட்பர்ன் என்ற குடியிருப்பை வரைந்தபோது கார் ஒரு பக்கம், மனிதர் ஒரு பக்கம் என்று பிரித்தார்கள். வீட்டின் ஒரு பக்கம் முட்டுச்சந்து, மறுபக்கம் பூங்காவுக்குப் போகும் நடைபாதை. 1930களில் அமெரிக்காவின் கூட்டாட்சி வீட்டுக்கடன் காப்பீட்டு அமைப்பு கட்டத் தெருக்களை விட்டுவிட்டு வளைவும் முட்டும் கொண்ட அமைப்பைப் பரிந்துரைத்தது. கடனுக்குக் காப்பீடு தருபவர் சொன்னால் மனை போடுபவர் கேட்காமல் இருப்பாரா? அங்கிருந்துதான் அது புறநகரின் வழக்கமான முகமாகிப் போனது.

அதில் வீடு வாங்குபவருக்குப் பிடிக்கும் விஷயங்களும் உண்மையானவை. வழிப்போக்கு வண்டி வராது. குழந்தை வாசலில் விளையாடலாம். 1960களின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் டொனால்ட் ஆப்பிள்யார்ட் செய்த ஆய்வில், வண்டி குறைவாக ஓடும் தெருவில் இருப்பவர்களுக்கு அதே தெருவில் நண்பர்கள் அதிகம் என்று தெரிந்தது. திருட்டைப் பொறுத்தவரையும் முட்டுச்சந்துக்கே ஆதரவு உண்டு. இங்கிலாந்தின் மெர்சிசைடு பகுதியில் ஷேன் ஜான்சனும் கேட் பவர்ஸும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, வீடு புகுந்து திருடுவது முட்டுச்சந்துகளில் குறைவு என்றே காட்டியது. அந்நியர் நுழைந்தால் பத்துக் கண்கள் பார்க்கும் என்பது வெறும் நம்பிக்கை இல்லை. இதை மறைத்துவிட்டு எதிர்ப்பக்கம் வாதாடக்கூடாது.

ஊடுவழித் தெருவின் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த வாதங்களை வேகமாகக் கடந்துவிடலாம். நடந்து போகும் தூரம் குறையும், பேருந்து உள்ளே வந்து திரும்பாமலே வெளியேறும், ஒரு சாலை அடைபட்டால் மாற்று வழி இருக்கும். கலிபோர்னியாவின் 24 நகரங்களை வைத்து வெஸ்லி மார்ஷலும் நார்மன் கேரிக்கும் செய்த ஆய்வில், சந்திப்புகள் நெருக்கமாக உள்ள இடங்களில் உயிர்போகும் விபத்துகள் குறைவாக இருந்தன. அடிக்கடி சந்திப்பு வந்தால் வண்டி வேகம் எடுக்க முடியாது.

ஆனால் என் கையை உயர்த்த வைத்தது இவை எதுவும் இல்லை. பராமரிப்புதான். குடியிருப்பைப் போட்டவர் விற்றுவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பிறகு ஐம்பது, அறுபது ஆண்டுகள் அந்தத் தெருவைக் கூட்டி, குழாயைப் பார்த்து, குப்பை அள்ளப் போவது உள்ளாட்சி. முட்டுச்சந்தின் செலவு வரைபடத்தில் தெரியாது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியும்.

குடிநீர்க் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். தெரு முட்டினால் குழாயும் முட்டும். கடைசி இரண்டு வீட்டுக்காரர் எடுக்கும் அளவுக்குத்தான் அந்த முனையில் தண்ணீர் நகரும். அவர்கள் ஊருக்குப் போய்விட்டால் தண்ணீர் குழாயிலேயே நிற்கும். நிற்கும் தண்ணீரில் குளோரின் வலுவிழக்கும், வண்டல் படியும், திறந்தால் பழுப்பாக வரும். அதனால் முனைக் குழாய்களை அவ்வப்போது திறந்து அலசி விட வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், வண்டி வேண்டும், கொட்டிப் போகும் தண்ணீரும் சுத்திகரித்த தண்ணீர்தான். குழாய் இரண்டு பக்கமும் சேர்ந்து வளையமாக இருந்தால் தண்ணீர் நின்றுபோகும் வாய்ப்பு மிகக் குறைவு. நடுவில் எங்காவது உடைந்தாலும் இரண்டு வால்வை மூடி அந்தத் துண்டை மட்டும் பிரித்துவிட்டு, மற்றவர்களுக்கு மறுபக்கத்திலிருந்து தண்ணீர் கொடுக்கலாம். முட்டுச்சந்தில் நுழைவாயில் பக்கம் உடைந்தால் உள்ளே இருக்கும் அத்தனை வீட்டுக்கும் தண்ணீர் நின்றுபோகும்.

கழிவுநீர்க் குழாயில் இந்த வித்தியாசம் கிடையாது. அது சரிவை நம்பி ஓடுவது, எந்த அமைப்பிலும் மரக்கிளை மாதிரிதான் பிரியும். மழைநீரில் வித்தியாசம் திரும்ப வரும். பெருமழையில் வடிகால் நிறைந்த பிறகு தெருவே வாய்க்காலாகிவிடும். தெரு திறந்திருந்தால் தண்ணீர் அடுத்த தெருவுக்குப் போகும். பள்ளத்தில் முட்டுகிற சந்தில், கடைசி வீட்டின் வாசலைத் தவிர அதற்குப் போக இடமில்லை. அங்கே வெளியேற்றம் வைக்க வேண்டுமானால் ஒருவரின் மனைக்குள் புகுந்துதான் போக வேண்டும். அப்புறம் அதைச் சுத்தம் செய்ய ஒவ்வொரு முறையும் அவரிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

அடுத்தது குப்பை லாரி. திறந்த தெருவில் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் போய்விடும். முட்டுச்சந்தில் ரிவர்ஸ் எடுக்க வேண்டும், பின்னால் ஒருவர் இறங்கி நின்று கை காட்ட வேண்டும். குழந்தை விளையாடப் பாதுகாப்பான தெரு என்று சொல்லி விற்ற அதே தெருவில், ஓட்டுநருக்குப் பின்பக்கம் தெரியாத ஒரு கனரக வண்டி பின்னோக்கி வருகிறது. பிரிட்டனின் தரக் குறியீடு குப்பை வண்டி பின்னோக்கி ஓட வேண்டிய தூரம் 12 மீட்டரைத் தாண்டக்கூடாது என்று பரிந்துரைக்கிறது. தீயணைப்பு வண்டிக்கு இங்கிலாந்தின் கட்டட விதி வழிகாட்டி வைக்கும் எல்லை 20 மீட்டர். அதைவிட நீளமான சந்துக்கு முனையில் வண்டி திரும்பும் இடம் விட்டாக வேண்டும். அந்த வட்டம் வீடாகவும் ஆகாது, பூங்காவாகவும் ஆகாது. தார் போட்ட வெற்று நிலமாக இருக்கும், காலையில் பார்த்தால் அதிலும் யாராவது கார் நிறுத்தியிருப்பார்கள். அமெரிக்காவின் சார்லட் நகரத் தீயணைப்புத் துறை தன் நிலையங்களை ஒப்பிட்டபோது, தெருக்கள் இணைந்த பகுதியில் ஒரே நிலையம் அதிக வீடுகளை எட்டியது, ஆளுக்கு ஆகும் செலவும் குறைந்தது. அதே நேரத்துக்குள் போய்ச் சேர முட்டுச்சந்துப் பகுதிக்குக் கூடுதல் நிலையம் கட்ட வேண்டும் என்பதுதான் இதன் பொருள்.

இந்தச் செலவை ஓர் அரசு வெளிப்படையாகக் கணக்கில் எடுத்த இடம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம். அங்கே பெரும்பாலான குடியிருப்புத் தெருக்களை மாநில அரசே ஏற்றுப் பராமரிக்கிறது. 2009இல் அது ஒரு நிபந்தனை வைத்தது. புதிய குடியிருப்பின் தெருக்கள் அக்கம்பக்கத்தோடு போதுமான அளவு இணைந்திருந்தால்தான் பராமரிப்பை ஏற்போம், இல்லாவிட்டால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றது. மனை போடுபவர்களின் எதிர்ப்பு வந்து, சில ஆண்டுகளில் அது தளர்ந்தது. ஆனாலும் வாதத்தின் அடிப்படை சரி. பராமரிக்கப் போகிறவருக்குத்தான் அமைப்பைப் பற்றிப் பேச உரிமை அதிகம்.

கொள்கையில் இதை எப்படி எழுதுவது? ‘தெருக்கள் நன்கு இணைந்திருக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் எந்த வரைபடமும் தேறிவிடும். எண்ணிப் பார்க்கும்படி ஒன்று வேண்டும். பல இடங்களில் தெருத் துண்டுகளின் (ஒரு சந்திப்பிலிருந்து அடுத்த சந்திப்பு அல்லது முட்டு முனை வரை ஒரு துண்டு) எண்ணிக்கையைச் சந்திப்புகள், முட்டு முனைகள் ஆகியவற்றின் மொத்தத்தால் வகுத்துப் பார்க்கிறார்கள். ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். நடுவில் ஒரு தெரு, அதன் இரண்டு முனையும் வெளிச்சாலையில் சேர்கிறது. அதிலிருந்து ஒரே பக்கமாக ஆறு முட்டுச்சந்துகள். வெளிச்சாலைச் சந்திப்புகளைக் கணக்கில் விட்டுவிட்டால், உள்ளே ஆறு சந்திப்பும் ஆறு முட்டு முனையுமாகப் புள்ளிகள் 12. நடுத்தெரு ஏழு துண்டு, சந்துகள் ஆறு துண்டு, மொத்தம் 13. வகுத்தால் 1.08. இப்போது ஆறு முனைகளையும் சேர்த்துப் பின்னால் ஒரு தெரு போட்டு, அதையும் இரண்டு பக்கமும் வெளிச்சாலையில் சேருங்கள். புள்ளிகள் அதே 12, துண்டுகள் 20. எண் 1.67 ஆகிவிடும். 1.4 என்பது இதற்குப் பல இடங்களில் வைக்கப்படும் கீழ்வரம்பு. ஒரே ஒரு பின்தெருதான் தேறாத வரைபடத்தைத் தேற வைத்தது. அந்தப் பின்தெருவுக்காகக் கொஞ்சம் மனைகள் குறையும். மனை போடுபவரோடு சண்டை வருவது அங்கேதான். வண்டி திரும்பும் ஆறு வட்டங்கள் தேவைப்படாமல் மிச்சமாவதை அவரிடம் எடுத்துக் காட்ட வேண்டும்.

எண்ணை மட்டும் வைத்தாலும் போதாது, துண்டின் நீளமும் முக்கியம். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் தெருக்களுக்கு நடுவே உள்ள கட்டம் ஒரு பக்கம் 660 அடி, போர்ட்லண்டின் கட்டம் 200 அடி. இரண்டும் இணைந்த தெருக்கள்தான். ஆனால் முதலாவதில் எதிர்ப்பக்கம் போக நடந்தே களைத்துவிடலாம்.

விதியில் கட்டாயம் சேர்க்க வேண்டியது என்று நான் பிடிவாதமாக நின்ற ஒன்று, எல்லை வரை தெரு. பக்கத்து நிலம் இன்று வயலாகவோ தரிசாகவோ இருக்கலாம், நாளை அங்கும் வீடு வரும். அதனால் தெரு நம் நிலத்தின் விளிம்பு வரை போய் நிற்க வேண்டும். இதில் ஒரு தந்திரம் நடக்கும். தெரு முடிகிற இடத்துக்கும் எல்லைக்கும் நடுவே ஓரடி அகலத்தில் ஒரு துண்டை மனை போடுபவர் தன் பெயரிலேயே வைத்துக்கொள்வார். வரைபடத்தில் அது ஒரு கோடு மாதிரிதான் தெரியும். பின்னால் பக்கத்து நிலத்தார் இணைக்க வரும்போது அந்த ஓரடிக்குப் பெரிய விலை சொல்வார். தெருவை எல்லைக்கோடு வரை உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்த பிறகே அனுமதி என்று கொள்கையில் இருந்தால் இந்த வேலை நடக்காது. ‘இந்தத் தெரு பின்னர் நீட்டிக்கப்படும்’ என்ற பலகையும் முதல் நாளே அங்கே நிற்க வேண்டும். பலகை இல்லாவிட்டால் அங்கே வீடு வாங்குபவர்கள் அதை முட்டுச்சந்து என்றே நம்புவார்கள். பத்து வருடம் கழித்துத் திறக்கப் போனால் அவர்கள் வீதிக்கு வந்து எதிர்ப்பதில் தப்பே இல்லை.

அமைதி வேண்டுமே என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. இணைந்த தெருவின் நடுவே நான்கு குட்டைத் தூண்கள் நட்டால் கார் நின்றுவிடும், நடப்பவரும் சைக்கிளும் போய்க்கொண்டே இருப்பார்கள். நெதர்லாந்தின் ஹவுட்டன் நகரம் முழுக்க இந்த யோசனையில்தான் ஓடுகிறது. கார் வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றி வர வேண்டும், சைக்கிள் நேராக ஊருக்குள் போகும். தூணைக் கழற்றக்கூடியதாக வைத்தால் தீயணைப்பு வண்டிக்கும் தடை இல்லை, அடியில் குடிநீர்க் குழாயும் வளையமாகவே இருக்கும். வண்டி அதிகமாகிவிட்டால் திறந்த தெருவை ஒரே நாளில் தூண் நட்டு மூடலாம். முட்டுச்சந்தைத் திறக்க வேண்டுமானால் கடைசி வீட்டை வாங்கி இடிக்க வேண்டும். திருட்டு விஷயத்தில் மட்டும் இந்தக் கலவை முழுப் பதில் ஆகாது. இரண்டு பக்கமும் சுவர் வைத்த ஒடுங்கிய நடைபாதை முட்டுச்சந்தின் முனையைத் துளைத்துப் போனால், இருப்பதிலேயே மோசமான நிலை அதுதான். நடைவழி வைத்தால் அகலமாக, விளக்கோடு, வீட்டின் முன்பக்கம் அதைப் பார்க்கும்படி வைக்க வேண்டும்.

விதிவிலக்கும் எழுதத்தான் வேண்டும். ஆறு, ரயில் பாதை, காப்புக்காடு குறுக்கே வந்தால் தெரு முட்டித்தான் ஆகும். அங்கே முட்டுச்சந்துக்கு ஒரு நீள வரம்பு வைத்து, முனையில் நடைவழியைக் கட்டாயமாக்கினோம். செங்குத்தான சரிவு நிலத்தில் எனக்கு அனுபவம் குறைவு. நான் வேலை பார்த்ததெல்லாம் சமதரை. சரிவில் குறுக்குத் தெரு போட மண்ணை வெட்டித் தாங்குசுவர் கட்டும் செலவு, பராமரிப்பில் மிச்சம் பிடிப்பதை விழுங்கிவிடலாம். அப்படிப்பட்ட நிலத்துக்கு 1.4 என்ற எண்ணை அப்படியே திணிக்காமல், கார்த் தெருவுக்குப் பதில் படிக்கட்டு வழியை இணைப்பாக எண்ணிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறோம். குழாய் வளையத்தை அந்தப் படிக்கட்டின் அடியிலேயே கொண்டுபோகலாம் என்று குடிநீர்ப் பொறியாளர் ஒருவர் சொன்னதால், அந்தப் படிக்கட்டுக்கும் குறைந்தபட்ச அகலம் ஒன்று விதியில் ஏறியது.