பிறஷர் மெசின்: புயத்தில கட்டுறதோ, மணிக்கட்டில கட்டுறதோ?

அம்மாவுக்குப் பிறஷர் எண்டு தெரிஞ்ச உடனே கனடாவில இருக்கிற அண்ணா அனுப்பிவிட்டது மணிக்கட்டில கட்டுற மெசின். சின்னது, வடிவானது, மணிக்கூடு மாதிரிக் கட்டினாச் சரி. ஒரு வருஷம் அதோட இழுபட்டுப்போட்டு, பேந்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில ஒரு பாமசியில புயத்தில கட்டுறது ஒண்டு வாங்கினன். ரெண்டையும் பாவிச்சிட்டுத்தான் எழுதுறன், ஆனா முதலே சொல்லிப்போடுறன், நான் புயத்தின்ர பக்கம்.

விலையில பெரிய வித்தியாசம் இல்லை. ரெண்டும் பட்டனை அமத்தினா வேலை செய்யும், பழைய அளவுகளையும் காட்டும்.

வில்லங்கம் முழுக்கக் கையின்ர உயரத்திலதான். கட்டுற பட்டி நெஞ்சு மட்டத்தில இருக்கோணும். கையை மேசையில வச்சா புயம் தன்பாட்டில அந்த மட்டத்துக்கு வந்திடும், மணிக்கட்டு அப்பிடி வராது. 10 சென்ரிமீற்றர் கீழ போனாலே கிட்டத்தட்ட 8 கூடக் காட்டும். மெசின் பிழையில்லை, ரத்தத்தின்ர பாரம் அது. எங்கட அம்மா சாய்மனைக்கதிரையில இருந்து மடியில கையை வச்சுத்தான் பாப்பா, 158 எண்டு காட்டும், கிளினிக்கில பாத்தா 140. நாங்கள் பயந்துபோய் ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய் எல்லாத்தையும் நிப்பாட்டி (அது நல்லதுக்குத்தான், வேற கதை), குளிசையைக் கூட்டோணுமோ எண்டு கேக்கப் போனா, டொக்டர் மெசினைக் கொண்டு வரச் சொன்னார். அவருக்கு முன்னால மடியில வச்சுப் பாக்க 156, அதே கையை நெஞ்சுக்கு நேர தூக்கிப் பிடிக்க 141. டொக்டர் சிரிச்சார், எனக்குச் சிரிப்பு வரேல்லை. நான் நிக்கேக்க கையைப் பிடிச்சு விடுவன், வேலைக்குப் போனாப்பிறகு அம்மா தனியப் பாக்கேக்க ஆர் பிடிக்கிறது?

புயத்தில கட்டுறதெண்டாலும் பட்டி கைக்கு அளவா இருக்கோணும். வாங்க முதல் தையல் நாடாவால புயத்தின்ர நடுவைச் சுத்தி அளந்து பாருங்கோ. சாதாரண பட்டி 22 இலிருந்து 32 சென்ரிமீற்றர் வரைக்கும் காணும், அதுக்கு மேல எண்டா பெரிய பட்டி கேளுங்கோ. சின்னதை இழுத்துக் கட்டினா கூடத்தான் காட்டும். பக்கத்து வீட்டு மாமி வந்தா சட்டைக் கைக்கு மேலாலதான் கட்டச் சொல்லுவா, மெசின் ஊதிக்கொண்டிருக்கேக்க மகளின்ர கலியாணக் கதையும் தொடங்குவா, "மாமி, கொஞ்சம் கதையாமல் இருங்கோ" எண்டு கெஞ்சோணும். தேத்தண்ணி குடிச்சு அரை மணித்தியாலம் போகோணும், 5 நிமிஷம் சும்மா இருந்து, கால் ரெண்டையும் நிலத்தில வச்சு, ஒரு நிமிஷ இடைவெளியில ரெண்டு தரம் பாக்கோணும். கிளினிக்கில 140/90 எண்டா கூட எண்டுறது, வீட்டில சராசரி 135/85 வந்தாலே கவனிக்கோணும். 180க்கு மேல போய் நெஞ்சும் நோகுதெண்டா திரும்பத் திரும்ப அமத்திப் பாத்துக்கொண்டிராமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.

பராமரிப்பெண்டா, மணிக்கட்டு மெசின்ர பட்டி ஒட்டு விட்டுப்போச்சு, தனியப் பட்டி வாங்கலாமெண்டு தேடினன், கிடைக்கேல்லை. புயத்து மெசினுக்கு பட்டியைக் கழட்டி மாத்தலாம். ஆனா அது எனக்கு இன்னும் ரெண்டு வருஷப் பாவிப்புத்தான், அஞ்சாறு வருஷம் கழிச்சு எப்பிடியெண்டு இப்ப சொல்லேலாது.

மணிக்கட்டு மெசின் கூடாதெண்டும் இல்லை. பெரிய பட்டியும் எட்டாத கைக்கு அதுதான் வழி, நெஞ்சு மட்டத்தில பிடிச்சுவிட ஆள் இருந்தாச் சரி. இதயத்துடிப்பு ஒழுங்கில்லாத ஆக்களுக்கு ரெண்டு வகை மெசினுமே தடுமாறும், அம்மாவுக்கு அந்தக் கரைச்சல் இல்லாததால அதில எனக்கு அனுபவம் இல்லை, டொக்டரிட்டயே கேளுங்கோ.

பழைய மெசின் இப்ப அலுமாரிக்குள்ள. அண்ணா வீடியோ கோலில "மெசின் எப்பிடியம்மா?" எண்டு கேட்டா, அம்மா புயத்தில பட்டியோட இருந்துகொண்டு "நல்லா வேலை செய்யுது ராசா" எண்டுறா.