பொதுப் பாடம்: எந்தப் பட்டத்தில் எவ்வளவு, எதற்கு?

"கணக்கியல் படிக்கப் போற பிள்ளைக்குத் தத்துவம் எதுக்கு?" பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வான எஸ்.டி.பி.எம். முடிவு வந்ததும் கோலாலம்பூர் வீடுகளில் எழும் கேள்வி இது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் எந்த வகைப் பட்டம் என்று பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

மலேசிய உள்நாட்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் தேவை. ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேர உழைப்பு. இதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு எம்.பி.யு. எனும் கட்டாயப் பொதுப் பாடங்களுக்குப் போகிறது. 2013இல் வந்த இந்த ஏற்பாட்டில் யு1 முதல் யு4 வரை நான்கு பிரிவுகள் உண்டு. தனியார் கல்லூரியில் சேரும் நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இரண்டாம் பிரிவான யு2வில்தான். எஸ்.பி.எம். எனும் ஐந்தாம் படிவத் தேர்வில் மலாய்ப் பாடத்தில் 'கிரெடிட்' தரத் தேர்ச்சி கிடைக்காதவர், அந்தப் பிரிவில் பஹாசா கெபாங்சாஆன் ஏ எனும் தேசிய மொழிப் பாடத்தை எடுத்தே ஆக வேண்டும். அதை "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளினால் கடைசி செமஸ்டரில் முதன்மைப் பாடத்தோடு நேரம் மோதும். ஒரே ஒரு பாடத்துக்காகப் பட்டமளிப்பு ஒரு தவணை தள்ளிப்போகும்.

மூன்று ஆண்டும் இங்கேயே படித்து முடிக்கும் 3+0 பிரிட்டிஷ் பட்டத்தில் பொதுப் பாடமே கிடையாது என்பார்கள். பாதி உண்மை. 360 கிரெடிட் என்பது மலைக்க வைக்கும் எண், ஆனால் அங்கே ஒரு கிரெடிட் வெறும் 10 மணி நேரம்தான். முதல் நாளிலிருந்தே ஒரே துறை. ஆனாலும் மலேசியக் குடிமக்கள் எம்.பி.யு.வையும் சேர்த்தே முடிக்க வேண்டும். கட்டண அட்டையில் அது தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இங்கே தொடங்கி, பிறகு அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் அமெரிக்கப் பட்ட மாற்றுத் திட்டம் வேறு ரகம். சுமார் 120 கிரெடிட்டில் மூன்றில் ஒரு பங்கு பொதுப் பாடம்: கட்டுரை எழுத்து, மேடைப் பேச்சு, புள்ளியியல், ஆய்வகத்தோடு ஓர் அறிவியல், சமூகவியல், கலை. இதில் உண்மையான மதிப்பு எழுத்துக்கும் புள்ளியியலுக்கும்தான். "பரந்த அறிவு" என்பதெல்லாம் விளம்பரத் தாளில் அழகாக இருக்கும்; வரைவு எழுதி, திருத்தம் வாங்கி, மறுபடி எழுதும் பழக்கம்தான் வேலையில் சோறு போடும். ஆபத்து, மாற்றத்தில் இருக்கிறது. 'சி' கிரேடுக்குக் கீழே வாங்கிய பாடம் பெரும்பாலும் மாறாது. மாறினாலும், போய்ச் சேரும் பல்கலைக்கழகம் அதை வெறும் விருப்பப் பாடமாகக் கணக்கிட்டால், கட்டாய இடம் காலியாகவே கிடக்கும். அதே பாடத்துக்கு அங்கே டாலரில் மறுபடி கட்டணம். அதனால் இரண்டாம் செமஸ்டருக்குள் மூன்று பல்கலைக்கழகங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றின் கிரெடிட் மாற்றப் பட்டியலைப் பார்த்த பிறகே பாடம் பதியுங்கள். படித்த ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

துறை முடிவாகாத பிள்ளைக்கு அமெரிக்க வழி. முடிவானவருக்கு, பணமும் குறைவென்றால், 3+0 அல்லது உள்நாட்டுப் பட்டம். இந்த இரண்டில் எதை எடுத்தாலும், விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்க இடம் இருந்தால், "ஈசியா ஏ கிடைக்கும்" என்று சீனியர் சொல்லும் பாடத்தை விட்டுவிட்டு எழுத்துப் பயிற்சியோ புள்ளியியலோ எடுங்கள்.