ஸ்டீபன் ஐவரா, சிம்ம நால்வரா?

எட்டு அங்குலக் கண்ணாடி வைத்த டாப்சோனியன் தொலைநோக்கி வாங்கியவர் முதலில் தேடப் போவது ஸ்டீபன் ஐவர் என்ற ஐந்து விண்மீன் மண்டலங்களின் கூட்டத்தைத்தான். 2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படம் வந்ததிலிருந்து அந்த ஆசை கூடிவிட்டது. ஆனால் ராமநாதபுரம் கடலோரத்தில் சாயல்குடி, வாலிநோக்கம் பக்கம் நின்று பார்ப்பவருக்கு என் ஓட்டு சிம்ம நால்வருக்குத்தான், அதாவது சிம்மத்தில் இருக்கும் ஹிக்சன் 44 என்ற நான்கு விண்மீன் மண்டலங்களுக்கு.

காரணம் முதலில் பருவம். பெகாசஸ் விண்மீன் குழுவில் உள்ள ஐவர் இரவு ஒன்பது மணிக்கு உச்சிக்கு வருவது அக்டோபர் நடுவில். நமக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம். ஆடியில் நள்ளிரவுக்கு மேல் பிடிக்கலாம் என்றால் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று விடாது. 200 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் நட்சத்திரமே ஒரு இடத்தில் நிற்காமல் துள்ளும். சிம்ம நால்வரோ மார்ச் கடைசியில் இரவு பத்து மணி வாக்கில் ஏறக்குறைய தலைக்கு மேல் வருகிறார்கள். மழை கிடையாது. கழுத்துதான் வலிக்கும்.

அடுத்தது வெளிச்சம். சிம்மத்தில் அரிவாள் போல வளைந்த நட்சத்திர வரிசையில் காமா, ஸீட்டா என்ற இரண்டு நட்சத்திரங்களுக்கும் நடுவில் தேடினால், நால்வரில் என்ஜிசி பட்டியல் எண் 3190, 3193 இரண்டும் 11-ஆம் ஒளித்தர அளவில் (எண் கூடக் கூட மங்கல்) எட்டு அங்குலத்திலேயே சிக்கும். 3193 உருண்டைப் பொட்டு. 3190 நீண்ட கீற்று. 3185-க்கு ஓரக்கண் பார்வையும் பொறுமையும் வேண்டும். 3187 பெரிய கண்ணாடிக்காரர்களுக்கு.

ஐவரில் எல்லாமே ஏறக்குறைய 13-ஆம் ஒளித்தர அளவு அல்லது அதைவிட மங்கல்தான். பக்கத்தில் உள்ள பிரகாசமான விண்மீன் மண்டலம் என்ஜிசி 7331-ஐப் பிடித்து அரை பாகை தெற்கே வந்தால், எட்டு அங்குலத்தில் அநேகமாக ஒரே புகைத் திட்டு. 1877-இல் பிரான்சின் மார்செயில் இந்தக் கூட்டத்தைக் கண்ட வானியலாளர் ஸ்டீபனிடமே 80 செ.மீ. கண்ணாடி இருந்தது!

எதைப் பார்த்தாலும் கடலோரத்தில் கண்வில்லை பனித்துவிடும். அதைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். உப்பும் மணலும் சேர்ந்து பூச்சைக் கீறிவிடும். கையால் அமுக்கும் காற்றூதி போதும். சீமைக்கருவேல மறைவில் நின்றால் காற்றும் ஊர் விளக்கும் கொஞ்சம் அடங்கும்.

பன்னிரண்டு அங்குலம் இருந்து, புரட்டாசி அமாவாசையில் வானமும் மேகமில்லாமல் இருந்தால் ஐவரிடம் போகலாம். ஐவரில் முதலில் தெரியும் என்ஜிசி 7320 சுமார் 4 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருப்பது. மற்ற நால்வர் சுமார் 29 கோடி. ஒட்டியிருக்கும் 7318 ஜோடி பிரிந்து தெரிந்தால் நல்ல இரவு. எட்டு அங்குலத்தில் ஐவரில் ஒன்றான 7319-ஐப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், பக்கத்தில் நின்று நானும் பார்க்க வேண்டும்.