475 கிராம் பி.டி. பருத்தி விதை: 901 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது?

பருத்தி விதைப்புக் காலத்தில் பெரம்பலூர், ஆத்தூர், அரியலூர் வட்டார உரக்கடைகளில் அடுக்கி வைக்கப்படும் விதைப் பொட்டலங்களுக்கு எத்தனையோ பெயர்கள் உண்டு. ஒவ்வொன்றின் மேலும் வெடித்து மலர்ந்த வெள்ளைக் காய்களின் படம் உண்டு. பொட்டலத்தைத் திருப்பிச் சிறிய எழுத்தைப் படித்தால் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ‘பி.ஜி. II’ (போல்கார்டு II என்பதன் சுருக்கம்) என்ற ஒரே குறிப்பு இருக்கும். ஒட்டு (இரு பெற்றோர் ரகங்களைக் கலந்து உருவாக்கிய கலப்பின விதை) வேறு, நிறுவனம் வேறு. செடிக்குள் புகுத்தப்பட்ட அயல் மரபணுக்கள் மட்டும் எல்லாவற்றிலும் அவையே. ஆகவே இங்கே மதிப்பிடப்படுவது எந்தவொரு நிறுவனத்தின் விதையும் அன்று. 475 கிராம் எடையும், மைய அரசு 2025ஆம் ஆண்டுக்கு அறிவித்தபடி 901 ரூபாய் உச்ச விலையும் கொண்ட அந்தப் பொதுப் பண்டமே. இந்திய வயல்களில் வணிக அளவில், சட்டப்படி விளையும் மரபணு மாற்றப் பயிர் இது ஒன்றுதான். மரபணுப் பொறியியல் சமூகத்துக்கு நன்மையா தீமையா என்று மேடைகளில் நடக்கும் வாதத்தை நம் ஊரில் வயலில் இறங்கிச் சோதித்துப் பார்க்க வேறு பயிர் கிடையாது.

முதலில் உள்ளே இருப்பது என்ன என்று பார்த்துவிடலாம். மண்ணில் இயல்பாக வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக பி.டி.) என்னும் பாக்டீரியா ஒருவகைப் புரதத்தை உண்டாக்குகிறது. சில புழுக்களின் காரத்தன்மை கொண்ட குடலில் இப்புரதம் உயிர்பெற்று, குடற்சுவரில் தனக்கேற்ற ஏற்பியைப் பற்றி, அச்சுவரைத் துளைத்துவிடும். புழு உண்பதை நிறுத்தி இறந்துபோகும். அந்தப் புரதத்துக்குரிய மரபணுவைப் பருத்திச் செடிக்குள் வைத்தால் செடியே தன் காவலைப் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் இதன் அடிப்படை. 2002 மார்ச் 26 அன்று ஒப்புதல் பெற்ற முதல் தலைமுறை விதையில் கிரை 1ஏசி என்ற ஒரு மரபணு இருந்தது. 2006இல் வந்த இரண்டாம் தலைமுறையில், அதாவது இன்று நாம் வாங்கும் பி.ஜி. II விதையில், கிரை 2ஏபி என்ற மற்றொன்றும் சேர்ந்தது.

மனிதர் உடல்நலம் பற்றிய அச்சத்துக்கு இப்பண்டத்தைப் பொறுத்தவரை வலுவான அடிப்படை எனக்குத் தென்படவில்லை. நம் இரைப்பை அமிலத்தன்மை கொண்டது. புழுவின் குடலில் உள்ள அந்த ஏற்பி நமக்கு இல்லை. வெப்பத்தில் இப்புரதம் சிதைந்தும் விடும். மதுரைத் தெருக்களில் சுக்கும் கருப்பட்டியும் சேர்த்துக் காய்ச்சித் தரும் பருத்திப்பாலுக்கு ஆட்டப்படும் கொட்டையிலும், மாட்டுக்கு வைக்கும் பருத்திப் பிண்ணாக்கிலும் நெடுங்காலமாக இந்த மரபணு இருந்தே வருகிறது. 2010 பிப்ரவரியில் பி.டி. கத்தரிக்காயை நிறுத்திவைத்த அதே நாடு பருத்திக்கொட்டை எண்ணெயைக் கேள்வியின்றிச் சமையலறைக்குள் விட்டிருப்பது நம் கொள்கையின் விந்தைகளுள் ஒன்று.

இப்பண்டத்தின் நன்மையை அளக்க, இது வருவதற்கு முந்தைய நிலையை நினைவில் கொள்ள வேண்டும். விளைநிலத்தில் ஐந்து விழுக்காடு அளவே இடம்பிடித்த பருத்தி, தொண்ணூறுகளில் நாட்டின் பூச்சிமருந்தில் ஏறத்தாழப் பாதியை விழுங்கியது. பச்சைக் காய்ப்புழு எந்த மருந்துக்கும் அசையாத நிலையை எட்டியிருந்தது. 1997–98இல் அன்றைய ஆந்திரத்தின் வாரங்கல் பகுதியில் பருத்தி உழவர்கள் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்டதற்குப் புழுத் தாக்குதலும் கடனும் காரணங்களாக இருந்தன. பி.டி. விதையே உழவர் தற்கொலைக்குத் தொடக்கம் என்று சொல்வோர் இந்த ஆண்டுக் கணக்கைக் கவனிப்பதில்லை. விதை வந்த முதல் பத்தாண்டில் பச்சைக் காய்ப்புழுவுக்கான தெளிப்பு வெகுவாகக் குறைந்தது. அது வெறும் செலவுக் குறைவு அன்று, முதுகில் தெளிப்பானைச் சுமந்து நஞ்சை மூச்சில் இழுத்த கூலியாட்களுக்குக் கிடைத்த விடுதலையும்கூட. 2002 முதல் 2008 வரை சிறு உழவர்களிடையே நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, பூச்சிச் சேதம் குறைந்ததால் ஏக்கர் விளைச்சல் 24 விழுக்காடும் ஆதாயம் 50 விழுக்காடும் உயர்ந்ததாகக் கணித்தது.

ஆனால் நாட்டின் மொத்த விளைச்சல் உயர்வு முழுவதையும் மரபணுவின் கணக்கில் எழுதுவது விற்பனையாளர் பேச்சு. பருத்தி ஆலோசனை வாரியக் கணக்கின்படி 2001–02இல் 158 லட்சம் பேலாக (பேல் என்பது அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதி) இருந்த உற்பத்தி 2013–14இல் 398 லட்சத்தை எட்டியது உண்மை. அதே காலத்தில் குஜராத்தில் பாசனம் விரிந்ததும், உரப் பயன்பாடு கூடியதும், சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கான புதிய மருந்துகள் வந்ததும் உண்மை. 2024–25இல், அதே மரபணு ஏறக்குறைய எல்லா வயலிலும் இருந்தபோதும், அரசுக் கணக்கில் உற்பத்தி 300 லட்சத்தைத் தொடவில்லை. விளைச்சலை உயர்த்தும் மரபணு என்று இதில் எதுவும் இல்லை. சேதத்தைத் தடுக்கும் மரபணு மட்டுமே உண்டு. இந்த வேறுபாட்டைப் பொட்டலத்தின் மேல் உள்ள படம் சொல்லாது.

இனி இப்பண்டத்தின் பெருங்குறைக்கு வருவோம். இளஞ்சிவப்புக் காய்ப்புழு இன்று இந்த விதைக்கு அஞ்சுவதில்லை. குஜராத்தின் அம்ரேலி, பாவ்நகர், ஜுனாகட், ராஜ்கோட் மாவட்டங்களில் முதல் தலைமுறை விதையை அப்புழு எதிர்த்து நிற்பதை, தொழில்நுட்பத்துக்குச் சொந்தக்காரரான மான்சான்டோ நிறுவனமே 2010இல் ஒப்புக்கொண்டது. இரண்டு மரபணு இருந்தால் புழு தோற்கும் என்ற நம்பிக்கையும் நெடுநாள் நீடிக்கவில்லை. 2015இல் குஜராத்திலும், 2017இல் மகாராஷ்டிரத்திலும் பி.ஜி. II வயல்களே பெருஞ்சேதம் கண்டன. பச்சைக் காய்ப்புழு துவரையிலும் தக்காளியிலும் கொண்டைக்கடலையிலும் வளரக்கூடியது. அங்கே நஞ்சைச் சந்திக்காத அந்துப்பூச்சிகள் பெருகி வந்து கலப்பதால் அதன் எதிர்ப்புத்திறன் மெல்லவே ஊறுகிறது. இளஞ்சிவப்புப் புழுவுக்கோ பருத்தியை விட்டால் பெரிதாக வேறு போக்கிடம் இல்லை. நாடு முழுவதும் பி.டி. பருத்தியே நிற்கும்போது, பிழைத்த புழு பிழைத்த புழுவோடு மட்டுமே இணை சேர்கிறது.

இந்த ஆபத்து முன்பே அறிந்ததுதான். அதனால்தான் தொடக்கத்தில் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதையும் தனிப் பொட்டலமாகத் தரப்பட்டது. வயலைச் சுற்றி அதை விதைத்தால் நஞ்சுக்கு இளகிய புழுக்களும் வாழ்ந்து, எதிர்ப்புத்திறன் பரவுவது தாமதப்படும் என்பது கணக்கு. புழுவுக்காக நிலம் ஒதுக்கச் சொன்னால் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் ஒதுக்குவாரா? பெரும்பாலும் அப்பொட்டலம் வரப்பிலேயே வீசப்பட்டது. அதன் பிறகே சாதாரண விதையை உள்ளேயே கலந்து 475 கிராமாக விற்கும் இன்றைய முறை வந்தது. நல்ல திருத்தம்தான்; புழு பழகிக்கொண்ட பிறகு வந்த திருத்தம்.

இதே மரபணு எல்லா நாட்டிலும் இப்படித் தோற்கவில்லை என்பதைத்தான் நான் இம்மதிப்புரையில் முதன்மையாகச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவில் பி.டி. பருத்தியோடு மலட்டு அந்துப்பூச்சிகளையும், பெண் பூச்சியின் மணத்தைக் காட்டி ஆண் பூச்சியை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறிகளையும் சேர்த்துப் பயன்படுத்தி, 2018இல் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவைப் பருத்தி வட்டாரங்களிலிருந்து அறவே ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள். சீனத்திலோ ஒட்டுச் செடியில் விளைந்த மறுதலைமுறை விதையை விதைத்ததன் வழியாக வயலிலேயே சாதாரணச் செடிகள் கலந்து நின்றதால் எதிர்ப்புத்திறன் பின்வாங்கியது. நாம் மட்டும் ஏறக்குறைய முழுப் பரப்பிலும் வீரிய ஒட்டு விதையைக் கொண்டோம். ஒட்டு விதையை ஆண்டுதோறும் விலைக்கு வாங்கியாக வேண்டும் என்பது விற்பவருக்கு வசதி. அந்த வசதிக்கு வயல் கொடுத்த விலை வேறு. விதை விலை உயர்ந்ததால் செடிகளை விலக்கி நட்டோம். விலக்கி நட்ட செடி படர்ந்து ஆறு மாதத்துக்கும் மேல் நின்றது. பிற நாடுகளில் ஹெக்டேருக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட செடிகளை நெருக்கி நட்டு ஐந்து மாதத்தில் வயலைக் காலி செய்கையில், நம் வயல் பருவத்தின் கடைசியில் பெருகும் புழுவுக்கு நீண்ட விருந்தாயிற்று. இதற்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. ஒட்டுச் செடியில் மரபணு ஒரு பெற்றோர் வழியாக மட்டும் வருவதால், அதன் காய்க்குள் விளையும் கொட்டைகள் எல்லாவற்றிலும் இரண்டு நஞ்சும் இருப்பதில்லை. இருப்பதும் இல்லாததும் ஒரே காய்க்குள் கலந்து கிடக்கும். கொட்டையைத் தின்று வாழும் இளஞ்சிவப்புப் புழுவுக்கு அரைகுறை நஞ்சில் பழகிக்கொள்ள இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் வேண்டியதில்லை.

விலையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். தொடக்க ஆண்டுகளில் 450 கிராமுக்கு 1,600 ரூபாய் கேட்டார்கள். அதில் பெரும்பகுதி, மரபணுவுக்காகத் தொழில்நுட்ப உரிமையாளருக்குப் போகும் தொழில்நுட்பக் கட்டணம். ஆந்திர அரசு வழக்காடியதையடுத்து 2006இல் அது 750 ரூபாயாக இறங்கியது. பின்னர் மைய அரசே உச்ச விலையை நிர்ணயிக்கத் தொடங்கி, 2020இல் அக்கட்டணத்தை முற்றிலும் நீக்கிவிட்டது. ஏக்கருக்கு இரண்டு பொட்டலம் என்று கொண்டாலும், பருத்தி எடுப்புக் கூலியோடு ஒப்பிட இன்று விதைச் செலவு பெரிதன்று. உச்ச விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை.

தத்துப்பூச்சி, அசுவினி, இலைப்பேன், வெள்ளை ஈ, மாவுப்பூச்சி ஆகியவற்றின் மேல் இந்த மரபணுவுக்கு எந்த ஆட்சியும் கிடையாது. புழுத் தெளிப்பு குறைந்த இடத்தில் இவை பெருகின. 2015இல் பஞ்சாப் பருத்தியை வெள்ளை ஈ அழித்தது. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் பூச்சிமருந்து தெளிக்கையில் 20 பேர் அளவில் நச்சேறி உயிரிழந்தனர். அவர்கள் தெளித்தது பி.டி. பருத்திக்குத்தான். தொடக்கத்தில் மிச்சப்பட்ட தெளிப்புச் செலவு, பிற பூச்சிகளின் பெயரில் திரும்பி வந்துவிட்டது. பொட்டலத்தில் உள்ள விதையும் மருந்து பூசப்பட்டதே என்பதால், மீந்ததை மாட்டுக்கோ கோழிக்கோ போடக்கூடாது. கையுறையின்றி ஊன்றவும் கூடாது.

அப்படியானால் யார் வாங்கலாம்? புரட்டாசி மழைக்கு மானாவாரியாக விதைத்து, மாசிக்குள் வயலைக் காலி செய்பவருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பச்சைக் காய்ப்புழுக் காவல் இன்னும் கைகொடுக்கிறது. இளஞ்சிவப்புப் புழு பெருகுமுன் அறுவடை முடிந்துவிடும். குறைந்த வயதுடைய ஒட்டாகக் கேட்டு வாங்கினால் போதும். இறவையில் விதைத்து, இரண்டாம் காய்ப்பு மூன்றாம் காய்ப்பு என்று கோடை வரை செடியை வைத்திருக்கும் பழக்கமுள்ளவர், இந்த விதையை நம்பி அப்படிச் செய்தால் புழு அரித்துக் கறைபட்ட கொட்டுப் பருத்திதான் மிஞ்சும். தமிழ்நாட்டில் மானாவாரி, இறவை, கோடை, நெல் தரிசு என்று பருத்தி ஏதாவது ஒரு வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் நிற்பதால் இங்கே அப்புழுவுக்கு உணவுப் பஞ்சமே இல்லை.

எவர் வாங்கினாலும் ஏக்கருக்கு இரண்டு இனக்கவர்ச்சிப் பொறிகளைத் தொங்கவிட்டு, ஒரு பொறியில் ஓரிரவுக்கு எட்டு அந்துப்பூச்சி வீதம் மூன்று இரவு தொடர்ந்து விழுகிறதா என்று பார்ப்பதும், இதழ் விரியாமல் ரோசா மொட்டுப்போல் சுருண்ட பூக்களைப் பறித்து அழிப்பதும், இருபது பச்சைக் காய்களை உடைத்துப் பார்ப்பதும் விதைச் செலவின் பகுதி என்றே எண்ண வேண்டும். புழு நுழைந்த துளை மூடிக்கொள்வதால் வெளியே பார்த்து எதுவும் தெரியாது. எடுப்பு முடிந்ததும் பருத்திமாரை வரப்பில் அடுக்கி விறகுக்கு வைப்பது அடுத்த பருவத்துக்கான புழுவைப் பேணி வைப்பதாகும்; தூளாக்கி மண்ணில் மடக்கி உழுவதே முறை.

பி.டி. இல்லாத விதையை விரும்புவோருக்கும் வழி அடைந்துவிடவில்லை. நெருக்கி நடுவதற்கென்றே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 17 போன்ற ரகங்களில் விதையை எடுத்து வைத்து மறுபடி விதைக்கலாம். இவை பற்றி வேப்பந்தட்டை, ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையங்களில் கேட்டுப் பார்க்கலாம். பச்சைக் காய்ப்புழுவை நாள்தோறும் கண்காணிக்கும் உழைப்பு இவற்றுக்குத் தேவை என்பதையும் மறைக்கக்கூடாது.

களைக்கொல்லியைத் தாங்கும் பருத்தி என்று பெயரில்லாப் பொட்டலத்தில் காதோடு காதாக விற்கப்படுவதை மட்டும் தொடவே வேண்டாம். அதற்கு இந்தியாவில் ஒப்புதல் இல்லை. 2019இல் மகாராஷ்டிரத்தின் அகோலா மாவட்டத்தில் உழவர்கள் அதை வெளிப்படையாக விதைத்துப் போராடினார்கள். களையெடுப்புக் கூலி தாளாமல் எழுந்த அவர்கள் கோரிக்கை புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் முளைக்காவிட்டாலும் காய்க்காவிட்டாலும் அந்த விதைக்குப் பொறுப்பேற்க எவரும் இருக்கமாட்டார். சட்டப்படி விற்கும் விதைக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு: குவியல் எண் (லாட் எண்) எழுதிய ரசீதையும் காலிப் பொட்டலத்தையும், ஒரு கைப்பிடி விதையையும் கடைசி எடுப்பு முடியும்வரை வைத்திருந்தால், குறை நேரும்போது விதை ஆய்வாளரிடம் முறையிடலாம்.