ஆக்டிவேட்டரா, 500 ரூபாய் கீயா, பில்லோடு லைசன்ஸா?

பாளையங்கோட்டையில் இரண்டு கம்ப்யூட்டர் வைத்து டைப்பிங், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று கடை நடத்துகிறேன். விண்டோஸை ஓட்ட மூன்று வழி: காசில்லாமல் அதை ஏமாற்றித் திறக்கும் ஆக்டிவேட்டர் புரோகிராம், ஆன்லைனில் விற்கும் மலிவு கீ (திறக்கும் குறியீட்டு எண்), பில்லோடு லைசன்ஸ். மூன்றிலும் போய்ப் பார்த்துவிட்டேன். இப்போது நான் பில்லோடு வாங்கும் பக்கம்.

விலையில் போட்டியே இல்லை. ஆக்டிவேட்டர் சும்மா கிடைக்கும், ஆன்லைன் கீ 500 ரூபாய்க்குள் முடியும், முறையான லைசன்ஸுக்கு ஆயிரக்கணக்கில் ஆகும். சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன்: திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே கடையில் பயன்படுத்தினால், பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவில் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

நான் அழுத்திச் சொல்ல வருவது ஆன்ட்டிவைரஸ் விஷயத்தை. "அண்ணாச்சி, அஞ்சு நிமிசம் ஆன்ட்டிவைரஸை ஆஃப் பண்ணிக்கிடுதேன்" என்றுதான் சிஸ்டம் போட வந்த தம்பி சொன்னான். ஆக்டிவேட்டர்களில் பல, கேஎம்எஸ் சர்வர் போல நடிப்பவை. கேஎம்எஸ் என்பது 25 கம்ப்யூட்டருக்குக் குறையாத நிறுவனங்கள் தங்கள் சர்வர் வழியே விண்டோஸை ஆக்டிவேட் செய்துகொள்ளும் ஏற்பாடு. ஒருமுறை போட்டால் 180 நாள்தான் செல்லும். திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டும் என்பதால் அந்தப் புரோகிராம் அட்மின் அதிகாரத்தோடு உள்ளேயே தங்கிவிடும். அதைத் தொடாதே என்று, விண்டோஸோடு வரும் ஆன்ட்டிவைரஸான டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலிலும் ஏற்றிவிடுவார்கள். என் கம்ப்யூட்டரில் சி டிரைவ் மொத்தமும் அந்தப் பட்டியலில் இருந்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் அதைப் பார்த்தேன்.

ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின வாரம், ஒரு காலையில் அழைப்பிதழ் ஃபைல் ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் நாலெழுத்து ஒட்டியிருந்தது. கூடவே ஒரு ரீட்மீ: 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் என்றால் 490. ஸ்டாப் டிஜேவு என்ற ரான்சம்வேர் அது, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். திருட்டு மென்பொருளைத் திறக்கும் கிராக் ஃபைல்கள் வழியே பரவுவதில் பெயர்போனது. ஆக்டிவேட்டரோடுதான் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் டிஃபெண்டர் விழித்திருந்தால் தடுக்க வாய்ப்பு இருந்திருக்கும். பணம் கட்டவில்லை, புரூஃப் தாள்களைப் பார்த்து இரண்டு ராத்திரி திரும்ப அடித்தோம். அதே கம்ப்யூட்டரில்தான் எங்களை நம்பி ஜனங்கள் கொடுத்த ஆதாரும் பேங்க் பாஸ்புக்கும் ஸ்கேனாகிக் கிடந்தன. அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

மலிவு கீயை அடுத்த கம்ப்யூட்டரில் போட்டேன். ஆன்ட்டிவைரஸை அணைக்கச் சொல்லாது, அந்த மட்டில் மேல். ஐப்பசி இடியில் மதர்போர்டு போய் மாற்றியதும் கீ செல்லாது என்று வந்துவிட்டது. விற்றவர் பதில் போடவில்லை. இப்படி வருபவை பெரும்பாலும் கம்பெனிகள் மொத்தமாக வாங்கிய கீ, அல்லது கம்ப்யூட்டர் தயாரிப்பாளருக்குக் கொடுக்கும், ஒரே போர்டோடு கட்டுண்ட ஓஇஎம் கீ. தனியாகப் பில்லோடு வாங்கும் ரீட்டெய்ல் லைசன்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து வைத்தால் போர்டு மாறினாலும் திரும்ப ஆக்டிவேட் செய்துகொள்ளலாம், வேறு கம்ப்யூட்டருக்கும் கொண்டுபோகலாம்.

காசு முடை என்றால் மைக்ரோசாஃப்ட் ஆபீஸுக்குப் பதில் இலவச லிப்ரே ஆபீஸ் போதும், கடையில் இப்போது அதுதான். விண்டோஸுக்குப் பதிலான இலவச லினக்ஸ் மிண்டை ஒரு வாரம்தான் ஓட்டினேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

உங்கள் கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் போய்ப் பாருங்கள். சொந்தக் காசில் வாங்கிய கம்ப்யூட்டரில் 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை' என்ற பொருளில் ஒரு வரி வந்தால், வேண்டிய ஃபைல்களை மட்டும் வெளியே எடுத்துவிட்டு முழுக்க ஃபார்மட் செய்யுங்கள். பாஸ்வேர்டுகளை வேறு கம்ப்யூட்டரிலிருந்து மாற்றுங்கள்.