முடிவு தெரிந்த பிறகும் எந்தத் திரில்லர் நிற்கும்?

எங்கள் வீட்டுக்கு வரும் எந்தப் புத்தகமும் திருகோணமலை உவர்மலையில் நாலு வீடு சுற்றாமல் ஓயாது. சுற்றி வருவதற்குள் அதன் முடிவு எல்லாருக்கும் தெரிந்துவிடும். போன மாதம் என் பெறாமகள் ‘தி சைலன்ட் பேஷண்ட்’ நாவலைத் திருப்பித் தந்தபோது, “சித்தி, நீங்கள் இன்னும் வாசிக்கேல்லையோ?” என்று கேட்டுக்கொண்டே கடைசி அத்தியாயத்தை ஒரே வசனத்தில் சொல்லிவிட்டாள். எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. ஆனாலும் வாசித்தேன். வாசித்து முடித்தபோது, திரில்லரை அளக்க இதைவிட நல்ல கோல் இல்லை என்று தோன்றியது. முடிவு தெரிந்த பிறகும் புத்தகம் கையில் நிற்கிறதா? அண்மையில் வாசித்த மூன்றையும் அந்தக் கோலாலேயே அளக்கிறேன். முடிவுகளை நான் சொல்லப்போவதில்லை.

அலெக்ஸ் மைக்கேலிடீஸ் எழுதி 2019இல் வந்த அந்த நாவலின் தொடக்கம் பலமானது. அலீசியா ஓர் ஓவியர். கணவனின் முகத்தில் ஐந்து முறை சுடுகிறாள். அதற்குப் பிறகு ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவளைப் பேச வைத்தே தீருவது என்று தியோ ஃபேபர் என்ற மனநல சிகிச்சையாளர் வருகிறார். கொழும்புக்குப் போகும் இரவு ரயிலுக்குத் தோதான புத்தகம். அத்தியாயங்கள் சின்னச் சின்னவை. தம்பலகாமம் தாண்டும்போது எடுத்தேன். கல்லோயாச் சந்தியில் நின்ற ரயில் எப்போது புறப்பட்டது என்று தெரியாது.

ஆனால் முடிவை அறிந்து வாசித்ததால் ஒரு குறை பளிச்சென்று தெரிந்தது. அந்த மனநல நிலையத்து டாக்டர்கள், உறவினர்கள் பலரும் நம் சந்தேகத்தைத் திசைதிருப்பவென்றே நிறுத்தப்பட்டவர்கள். அந்த வேலை முடிந்ததும் அவர்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. மிஞ்சுவது ஓர் ஓவியம். கொலைக்குப் பின் அலீசியா தன்னையே வரைந்து, ‘அல்செஸ்டிஸ்’ என்று பெயர் வைக்கிறாள். கணவனுக்குப் பதிலாகத் தான் சாகச் சம்மதித்த பெண்ணின் பெயர் அது. பழைய கிரேக்க நாடகம். அந்தப் பெண் மரணத்திலிருந்து மீட்டுக் கொண்டுவரப்படுகிறாள், ஆனால் பேசாமல் நிற்கிறாள். ஏன் பேசவில்லை? நாவலில் எனக்கு மறக்காமல் இருப்பது அந்தக் கேள்விதான்.

அமண்டா ஜயதிஸ்ஸவின் ‘மை ஸ்வீட் கேர்ள்’ 2021இல் வந்தது. பலோமா கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானையில் ஒரு சிறுவர் இல்லத்திலிருந்து அமெரிக்கக் குடும்பம் ஒன்றால் தத்தெடுக்கப்பட்டவள். இப்போது சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறாள். அவள் வீட்டில் வாடகைக்கு இருக்கும் அருண் அவளுடைய ரகசியத்தைக் கண்டுபிடிக்கிறான். அப்புறம் பிணமாகக் கிடக்கிறான். பொலிஸ் வரும்போது பிணத்தைக் காணவில்லை. சான் பிரான்சிஸ்கோப் பகுதி எனக்கு இழுவையாகத்தான் இருந்தது. குடி, பயம், திரும்பவும் குடி. சிறுவர் இல்லப் பகுதி அப்படியில்லை. மோகினிக் கதை கேட்டு வளர்ந்த யாரும் அந்த இருட்டு அறைகளை லேசாகக் கடந்துபோக முடியாது.

இந்த இரண்டு நாவல்களும் ஒரே உத்தியில்தான் ஓடுகின்றன. இரண்டு சரடுகள், கதை சொல்பவர் எதையோ மறைக்கிறார். முதலாவதில் மறைப்பு எழுத்தாளரின் கெட்டித்தனம். இரண்டாவதில் ஒரு சிறுமிக்கு உயிர்வாழ அது தேவைப்படுகிறது. அதனால் வேகத்தில் முதலாவது முந்தினாலும், இரண்டாம் முறை வாசிக்க நான் எடுப்பது ஜயதிஸ்ஸவைத்தான்.

மூன்றாவது, 2022இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலகவின் ‘தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மேதா’. இதைத் திரில்லர் வரிசையில் வைக்கலாமா என்று வீட்டில் வாக்குவாதம் நடந்தது. வைக்கலாம் என்பது என் கட்சி. போர்க்காலப் புகைப்படக்காரன் ஒருவன் செத்துப்போய் ஆவியாக விழிக்கிறான். தன்னைக் கொன்றது யார் என்று அவனுக்கே தெரியாது. ஏழு இரவுகள் தரப்படுகின்றன. அதற்குள், கட்டிலுக்கடியில் பெட்டியில் மறைத்து வைத்த படங்களை உயிரோடு இருப்பவர்கள் கையில் சேர்க்க வேண்டும். 1983 ஜூலை இனக்கலவரத்தில் எடுத்த படங்களும் அதில் இருக்கின்றன. இதைவிட நெருக்கடியான திரில்லர் முடிச்சு என்ன வேண்டும்?

முதல் நூறு பக்கம் கஷ்டம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆவிகள், கட்சிகள், இயக்கங்கள் என்று கூட்டம் நெரிக்கிறது. நாட்டு நிலைமை தெரியாத ஒருவருக்காக மாலி எழுதிய, கட்சிகள் இயக்கங்களின் சுருக்கப் பெயர்ப் பட்டியல் ஒன்றும் வருகிறது. நம் ஆட்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். கதை முழுக்க ‘நீ’ என்று முன்னிலையில் நடப்பதற்கும் பழக நேரம் எடுக்கும். சரி, பழகிவிட்டால்? கொன்றவன் யார் என்ற கேள்வி மெல்லப் பின்னுக்குப் போய், படங்கள் என்ன ஆகும் என்ற கேள்வி நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களைப் பிடித்துக்கொண்டு தாய்மார் வெயிலில் நின்ற ஊர் இது. ஒரு படத்தைச் சட்டகத்தோடு நெஞ்சில் அணைத்துப் பிடித்திருக்கும் கையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பெட்டி வெறும் கதைச்சாமான் அல்ல. இந்த நாவலின் முடிவை யாராவது முன்கூட்டியே சொன்னாலும் எனக்குக் கோபம் வந்திருக்காது.

ஆகவே, ஒரே இரவுக்குத் துணை வேண்டுமென்றால் மைக்கேலிடீஸ். பயமும் வேண்டும், நம் மண்ணின் வாடையும் வேண்டுமென்றால் ஜயதிஸ்ஸ. காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைக்க ஒன்றே ஒன்றுதான் என்றால் கருணாதிலக. பெறாமகளிடம் அதைக் கொடுத்து, நூறு பக்கம் பொறுத்துக்கொள் பிள்ளை என்று சொல்லியிருக்கிறேன். நேற்று எண்பதில் நின்றாள்.