மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வண்டி வாங்குங்கள்: நாமக்கல்லில் இருந்து ஸ்ரீநகர் வரை ஓடிய ஏழு சீட்டு டீசல் வண்டி

நண்பர்களோடு நெடுந்தூரம் போக வண்டி பார்க்கிறவர்கள் எல்லாரும் டிரைவர் சீட்டில் ஏறித்தான் ஓட்டிப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், மூன்றாவது வரிசையில் ஏறி ஒரு மணி நேரம் குலுங்கி வந்த பிறகுதான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். பழைய ஏழு சீட்டு டீசல் வண்டி ஒன்றை வாங்கி, நாமக்கல்லில் இருந்து ஹைதராபாத், நாக்பூர், ஆக்ரா, ஸ்ரீநகர் என்று வருடக்கணக்கில் நண்பர்களோடு சுற்றியதில் நான் வந்து சேர்ந்த முடிவு இது. இன்ஜின், மைலேஜ் எல்லாம் அப்புறம்.

வண்டியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள், மீதிப் பேர் "நான் அப்பவே சொன்னேன்" என்பார்கள். சேசிஸ் தனி, பாடி தனி என்று கட்டின வகை. பின்சக்கரம் தள்ளும். பிஎஸ்-4 என்கிற பழைய புகை விதிப்படி வந்த டீசல், மேனுவல் கியர், செகண்ட் ஹேண்ட். இந்த வகையில் எந்தக் கம்பெனி வண்டி வைத்திருந்தாலும் நான் சொல்வதில் முக்கால்வாசி உங்களுக்கும் பொருந்தும்.

நாமக்கல்காரர்களுக்கு வடக்கே போக வழியே கேட்க வேண்டியதில்லை. ஊரை ஒட்டிப் போகிற 44ஆம் எண் நெடுஞ்சாலை ஒரு பக்கம் கன்னியாகுமரி, மறுபக்கம் ஸ்ரீநகர். பெரியவர்கள் இன்னமும் ஏழாம் நம்பர் ரோடு என்றுதான் சொல்வார்கள். 2010இல் நெடுஞ்சாலை எண்களை மாற்றியபோது பழைய 7இன் பெரும்பகுதியோடு வேறு சில ரோடுகளையும் சேர்த்து 44 ஆக்கிவிட்டார்கள். சேலம், பெங்களூரு, கர்னூல், ஹைதராபாத், ஆதிலாபாத், நாக்பூர், ஜான்சி, குவாலியர், ஆக்ரா என்று ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு போகலாம். போகிற வழியெல்லாம் நம் ஆட்கள் வேறு. லாரிக்கு பாடி கட்டப் பெயர் போனது நாமக்கல், போர் போடும் ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடு, லாரித் தொழிலுக்குச் சங்ககிரி. தெலங்கானாவில் ஏதாவது ஒரு தாபா வாசலில் டிஎன் 34 நம்பர் போட்ட ரிக் நின்றால், எங்கள் வண்டியில் தூங்குகிறவனையும் எழுப்பிக் காட்டுவார்கள்.

சரி, கடைசி வரிசை. இந்த வகை வண்டியில் தரை உயரமாக இருக்கும், சீட்டு தாழ்ந்திருக்கும். உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வரும். சீட்டு பின் ஆக்சிலுக்கு நேர் மேலே வருவதால், முன்னால் இருப்பவனுக்கு லேசாகத் தட்டுகிற பள்ளம் பின்னால் இருப்பவனைத் தூக்கிப் போடும். ஏசிக் காற்று அங்கே போய்ச் சேர்வதற்குள் அதன் உயிர் போய்விடும். எங்கள் கூட்டத்தில் பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிற ஒருவன் ஆறடிக்கு மேல். நாக்பூரில் இறங்கியபோது அவனால் நிமிர முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே, "மாப்ள, எனக்கு இங்கிருந்து ட்ரெயின் டிக்கெட் போட்டுரு" என்றான். சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஏற்பாடுதான் இன்று வரை நடக்கிறது. ஏழு சீட்டு வண்டியில் ஐந்து பேர், அதற்கு மேல் யார் கெஞ்சினாலும் கிடையாது. மூன்றாவது வரிசையில் ஒரு பாதியை மடக்கிப் பெட்டி படுக்கை, மறுபாதியில் ஒருவன் காலைக் குறுக்கே நீட்டி உட்காருவான். ஓட்டி இறங்குகிறவன் அடுத்த நிறுத்தம் வரை பின்னால் போக வேண்டும். இதில் ஒரு நல்லது நடந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற எல்லாருக்கும் அடுத்து தான்தான் பின்னால் என்று தெரிவதால், ஸ்பீட் பிரேக்கரில் யாரும் பறப்பதில்லை. "மெதுவாப் போடா" என்று கத்தின காலம் போய்விட்டது.

பின்பக்கக் குலுக்கலுக்கு ஸ்பிரிங்குக்கு இடையில் ரப்பர் பஃபர் செருகச் சொல்வார்கள். வேண்டாம். ஆள் நிறைய ஏறினால் வண்டி உட்காராமல் நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் காலி வண்டியை ஓட்டும்போது கட்டை வண்டியாகிவிடும். பின் ஷாக் அப்சார்பரை இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றி, தேய்ந்த ரப்பர் புஷ்களையும் அதோடு மாற்றினதுதான் எங்களுக்குப் பலன் கொடுத்தது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதும் என்று சொல்கிற மெக்கானிக்கை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

கூரைக் கேரியரை பாடி கட்டுகிற பட்டறையில் சொல்லி அடித்தோம். இரும்புப் பைப், நாலு பக்கமும் கொக்கி, ஆள் ஏறி நின்றாலும் அசையாது. உறுதியில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் எடையே கூரை தாங்கும் எடையில் பெரிய பங்கைத் தின்றுவிடும். பல கார்களில் கூரைக்கு 100 கிலோவுக்குள்தான் அனுமதி, வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருப்பார்கள். மேலே பாரம் ஏற ஏற வளைவில் வண்டி சாய்வது கூடும். அதனால் மேலே துணிமணி, ஜமுக்காளம், காலி கேன் மாதிரி கனமில்லாதவை மட்டும். ஊருக்கு வந்ததும் கேரியரைக் கழற்றி மாட்டுக் கொட்டகையில் சாய்த்துவிடுவோம். கேரியர் இல்லாமல் ஓட்டும்போது வண்டி எவ்வளவு சத்தமில்லாமல் போகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

தார்ப்பாயைக் கட்டக் கடையில் விற்கும் பெல்ட் நல்லதுதான். 80 தாண்டினால் காற்றில் அடித்து ஊளையிடும். பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் சத்தம் நின்றுவிடும். நான் இன்னமும் கயிற்றையே நம்புகிறேன். லாரி கிளீனர்கள் போடுகிற முடிச்சு ஒன்று இருக்கிறது: இழுக்க இழுக்க இறுகும், நுனியைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் அவிழும். எந்த லாரிப் பட்டறையிலும் கேட்டால் ஒரு டீக்குச் சொல்லித் தருவார்கள்.

டயர் விஷயத்தில் எனக்குப் பாடம் எடுத்தவர் சங்ககிரிப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர். ஆதிலாபாத் தாண்டி ஒரு தாபாவில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், எங்கள் நம்பரைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். முன் டயரில் கையை வைத்து உள்பக்கமாக ஒரு தடவு, வெளிப்பக்கமாக ஒரு தடவு. "ஏனுங் தம்பி, கடைசியா அலைன்மெண்ட் எப்பப் பாத்தீங்க? இந்தப் பக்கந் தடவுனா வழுவழுன்னு போகுது, திருப்பித் தடவுனா சொரசொரங்குது பாருங்க. டோ போயிருச்சுங்க. நாக்பூர்ல பாத்துட்டு மேல போங்க." டோ என்றால் முன்சக்கரங்கள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கிற கோணம். என் கையையும் பிடித்து வைத்துக் காட்டினார். ரம்பத்தின் பல் மாதிரி டயரின் ஒவ்வொரு ரப்பர் கட்டையின் ஓரமும் ஒரே பக்கமாகக் கூராகியிருந்தது. கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. நாக்பூரில் பார்த்தபோது அவர் சொன்னது அப்படியே சரியாக இருந்தது. இப்போது கிளம்புவதற்கு முந்தின நாள் நாலு டயரையும் இரண்டு பக்கமும் தடவிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. டயரின் பள்ளங்களுக்குள் சின்ன மேடு மாதிரி ஒரு தேய்மானக் குறி இருக்கும். அதன் மட்டத்துக்கு டயர் வந்துவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மீதி, அதற்கு மேல் ஓட்டக் கூடாது.

காற்று காலையில், டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், இரண்டு பேருக்கு ஒரு அளவு, முழு லோடுக்கு ஒரு அளவு. பெரும்பாலானோர் இரண்டாவதைப் பார்ப்பதே இல்லை. நைட்ரஜன் போடட்டுமா என்று பங்க்கில் கேட்பார்கள். நாம் மூச்சு விடுகிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஸ்டெப்னிக்கும் காற்று பார்த்தால் அதுவே பெரிய புண்ணியம்.

மைலேஜ் கேட்பவர்களுக்கு: ஐந்து பேர், லக்கேஜ், ஏசியோடு 85-90இல் பிடித்தால் லிட்டருக்கு 14ஐ ஒட்டி வரும். 110க்குப் போனால் 11க்கு இறங்கிவிடும். நான்கு வழிச் சாலையில் காருக்கு மத்திய அரசு வைத்த உச்சவரம்பே 100தான். வேகமாகப் போய் மிச்சம் பிடித்த நேரம் அடுத்த பங்க் வரிசையில் போய்விடுகிறது.

நாக்பூருக்கும் சிவனிக்கும் நடுவில் பெஞ்ச் புலிகள் காப்பகக் காட்டை ஒட்டிப் போகிற பகுதியைப் பகலில் கடக்கிற மாதிரி திட்டம் போடுங்கள். விலங்குகள் அடியில் கடந்து போக ரோட்டையே தூணில் தூக்கி வைத்திருக்கிறார்கள். மகாராஷ்டிர எல்லைக்குள் மட்டும் இப்படி 9 இடம், நீளமானது 750 மீட்டர். புலி அடியில் நடந்து போவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. மேலே நாம் பார்க்கப் போவது என்னவோ சத்தத் தடுப்புச் சுவர்தான், ஆனாலும் வண்டிக்குள் ஒரு பேச்சும் இருக்காது.

சாப்பாட்டில் ஒரே ஒரு ஏற்பாடு, சின்ன எலக்ட்ரிக் குக்கர். வண்டிக்குள் கேஸ் சிலிண்டர் வைத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நாக்பூர் வெயிலில் அதை நினைத்தாலே பயம். வீட்டிலேயே அரிசி, துவரம் பருப்பு, மஞ்சள், மிளகாய், சீரகம், பூண்டு எல்லாம் அளந்து பாக்கெட் போட்டுவிடுவோம். ரூமில் வெங்காயம் நறுக்கி வதக்கி, தண்ணீர் ஊற்றி ஒரு பாக்கெட்டைக் கொட்டினால் அரிசிம்பருப்புச் சோறு. மூன்றாம் நாள் ரொட்டி சலித்துப்போகிற நேரத்தில், ஜான்சியில் ஒரு லாட்ஜில் நெய் விட்டு அதைச் சாப்பிட்டபோது, கோழிப்பண்ணை வைத்திருக்கிற நண்பன் பேசவே இல்லை. அவன் பேசாமல் இருப்பது அபூர்வம்.

பவானி ஜமுக்காளம் ஒன்றை வண்டியில் நிரந்தரமாகப் போட்டு வைத்திருக்கிறேன். மரத்தடியில் விரிக்க, டயர் மாற்றும்போது முட்டி போட, ரெக்சின் சீட் சுடும்போது மேலே போட என்று எல்லாவற்றுக்கும் அதுதான். எத்தனையோ தடவை துவைத்தும் கோடு வெளுக்கவில்லை. ஆன்லைனில் ஆசையாக வாங்கின மடக்கு நாற்காலிகள் ஒன்றுகூட இன்று உயிரோடு இல்லை.

டெல்லியைப் பற்றிச் சுருக்கமாக. பிஎஸ்-4 டீசல் வைத்திருப்பவர்கள் குளிர்காலத்தில் நகரத்துக்குள் போகாதீர்கள். அங்கே காற்று மாசு கூடக் கூடக் கட்டம் கட்டமாகக் கட்டுப்பாடு போடுவார்கள், அது மூன்றாம் கட்டத்துக்கு ஏறினால் இந்த வண்டிகளுக்குத் தடை வந்துவிடும். பத்து வருடம் தாண்டிய டீசலுக்கு அங்கே தனிச் சிக்கல் உண்டு, விதி அடிக்கடி மாறுவதால் கிளம்பும் வாரத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். டெல்லிக்கு முன்னால் வரும் பல்வல் என்கிற ஊரில் திரும்பி கிழக்குப் புறவழி விரைவுச்சாலையில் ஏறினால், டெல்லியைத் தொடாமல் குண்ட்லியில் மறுபடி 44க்கு வந்துவிடலாம். 2018இல் திறந்த ரோடு, 135 கிலோமீட்டர். ஜம்முவுக்குள் நுழைந்தால் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது. கூட்டத்தில் ஒருவராவது போஸ்ட்பெய்டு வைத்திருக்க வேண்டும். செனானி–நாஷ்ரி சுரங்கம் 9 கிலோமீட்டர் சொச்சம், உள்ளே போகும்போது கூலிங் கிளாஸைக் கழற்றச் சொல்லி டிரைவரிடம் யாராவது ஞாபகப்படுத்துங்கள்.

பணம். எங்களுக்குள் மாதாமாதம் ஒரு தொகை போட்டு வைக்கிறோம், பேங்க் வேலையில் இருப்பவன் கணக்குப் பார்க்கிறான். டீசல், டோல், ரூம் பொதுப்பணம். எல்லாக் கூட்டத்திலும் விட்டுப்போவது வண்டித் தேய்மானம். டீசலைப் பங்கு போட்டுக்கொள்கிறவர்கள் டயரைப் பங்கு போடுவதில்லை. வண்டிக்காரன் வாய்விட்டுக் கேட்கவும் மாட்டான், உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருப்பான். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசி, டயர், ஆயில், கிளட்ச் செலவுக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். எங்கள் கிளட்ச் பிளேட் மாற்றியது இந்தப் பணத்தில்தான், ஒருவர் முகமும் சுளிக்கவில்லை.

டோலுக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் வருடாந்திர பாஸ் வந்திருக்கிறது. அறிமுகமானபோது விலை 3,000 ரூபாய். ஒரு வருடம் அல்லது 200 முறை, எது முதலில் முடிகிறதோ அது. தனியார் காருக்கு மட்டும், தேசிய நெடுஞ்சாலை, தேசிய விரைவுச்சாலை டோலில் மட்டும். மாநில அரசு ரோடுகளில் வழக்கம்போல ஃபாஸ்டேக்கில் பணம் கழியும், அதில் பேலன்ஸ் வைத்திருக்க வேண்டும். ஓமலூர், பாளையம், கிருஷ்ணகிரி என்று பெங்களூரு போவதற்குள்ளேயே வரிசையாகக் கட்டுகிற எங்களுக்கு ஒரு வடக்குப் பயணத்திலேயே போட்ட பணம் வந்துவிடும். பாஸ் முடிவதற்குள் குஜராத் பக்கம் ஒரு சுற்றுப் போய்விட வேண்டும் என்று கோழிப்பண்ணைக்காரன் துடிக்கிறான். போகலாம், ஆனால் பின் ஷாக் மறுபடி எண்ணெய் கசிய ஆரம்பித்திருக்கிறது. அதை மாற்றாமல் தறிக்காரன் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.